டபரா முதல் வைக்கோல் போர் வரை: வெப்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்துப் பள்ளியில் 31 ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே பக்கத்து வீட்டு மருமகள் கேட்பார். களத்தில் நெல் காயவைத்திருக்கும் பழைய மாணவர், என்னைக் கண்டதும் ஓடி வந்து கேட்பார். ஆள் மாறினாலும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. அதனால் வெப்பம் பற்றிய கேள்விகளை மட்டும், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் நான்கைந்தைப் படித்துவிட்டுக் கீழே போனால் பின்னால் வருபவை எளிதாகப் புரியும். டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ் கணக்கு.

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று புத்தகத்தில் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே டீச்சர்?

இல்லை. ஒரு தீக்குச்சியின் சுடரையும், குளிப்பதற்குக் காய்ச்சிய ஓர் அண்டா வெந்நீரையும் நினைத்துப் பாருங்கள். சுடரின் வெப்பநிலை பல நூறு டிகிரி. அண்டாத் தண்ணீர் 45 டிகிரிதான் இருக்கும். ஆனால் மார்கழி விடியலில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்ட அண்டாதான் உதவும். வெப்பநிலை என்பது ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதன் அளவு. வெப்பம் என்பது ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் ஆற்றல்.

எந்தப் பக்கம் கைமாறும் என்பதை வெப்பநிலை முடிவு செய்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வாய்க்கால் தண்ணீர் பாய்வதைப்போல, சூடு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வெப்பம் பாய்கிறது. மட்டம் ஒன்றானதும் பாய்ச்சல் நின்றுவிடும். எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு சூடேறும் என்பதோ பொருளுக்குப் பொருள் மாறும். 1 கிலோ இரும்பை ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படுவதைப்போல ஏறத்தாழ 9 மடங்கு ஆற்றல் 1 கிலோ தண்ணீருக்குத் தேவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடற்காற்று வரை இது கூடவே வரும்.

ஏ.சி. அறைக் கதவைத் திறந்து வைத்தால் "குளிர் வெளியே போகிறது" என்று அப்பா திட்டுகிறார். குளிர் வெளியே போகுமா?

குளிர்ந்த காற்று போகும். கதவின் அடிப்பக்கமாக அது வெளியே வழிய, மேல்பக்கமாகச் சூடான காற்று உள்ளே நுழையும். அப்பா திட்டுவது நியாயம்தான். ஆனால் குளிர் என்று தனியாக ஒன்று இல்லை. சூடு குறைவாக இருப்பதைத்தான் குளிர் என்கிறோம்.

கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூன்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஒன்றும் புரியவில்லை.

வீட்டில் குத்துவிளக்கு இருக்கிறதல்லவா, அதையே ஏற்றி வையுங்கள். நாச்சியார்கோயில் பித்தளை விளக்காக இருந்தால் நல்லது. சுடருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். சில நொடிகளில் எடுத்துவிடுவீர்கள். சூடான காற்று இலேசாகி மேலே எழுந்து வெப்பத்தைச் சுமந்து வருகிறது. இது சலனம். இப்போது அதே ஒரு சாண் தூரத்தில், சுடருக்குப் பக்கவாட்டில் கையை வையுங்கள். மெல்லிய கதகதப்பு மட்டும் தெரியும். காற்று அந்தப் பக்கம் வராவிட்டாலும் ஒளியைப்போலவே நேராகப் பாய்ந்து வருவது கதிர்வீச்சு.

அரை மணி நேரம் கழித்து அகலின் விளிம்பைத் தொடுங்கள், பிறகு விரலைத் தண்டை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவாருங்கள். திரி இருக்கும் முகப்பு சுடும், அகலின் மறுபக்கம் வெதுவெதுப்பாக இருக்கும், தண்டின் அடியில் ஒன்றும் தெரியாது. உலோகத்தின் வழியே துகளுக்குத் துகள் கைமாறி வந்த வெப்பம் அது. இதுதான் கடத்தல். வகுப்பில் ஒருமுறை இதைச் செய்து காட்டிய பிறகு எந்தப் பிள்ளையும் இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டதில்லை.

ஒரே அறையில் இரவு முழுக்க இருந்த இரும்புக் கட்டில் சில்லென்று இருக்கிறது, மர ஸ்டூல் அப்படி இல்லை. இரும்புக்கு இயல்பாகவே குளிர்ச்சி உண்டா?

கிடையாது. இரண்டும் அறையின் வெப்பநிலையில்தான் இருக்கின்றன. வெப்பமானி வைத்துப் பார்த்தால் ஒரே அளவைக் காட்டும். உங்கள் தோல் ஏறத்தாழ 33 டிகிரி. அறை 27 டிகிரி என்றால் கையிலிருந்து வெப்பம் பொருளுக்குப் போகும். இரும்பு அதை வாங்கி வாங்கி உள்ளே அனுப்பிவிடுகிறது, தொட்ட இடம் சூடாவதே இல்லை. மரம் அனுப்ப முடியாமல் மேற்பரப்பிலேயே வைத்துக்கொள்வதால் அந்த இடம் உடனே கையின் சூட்டுக்கு வந்துவிடுகிறது.

நம் கை வெப்பநிலையை அளப்பதில்லை. தன்னிடமிருந்து எவ்வளவு வேகமாக வெப்பம் போகிறது, அல்லது தன்னிடம் வருகிறது என்பதைத்தான் அது நமக்குச் சொல்கிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்கலாம் என்றால் இதை வையுங்கள் என்பேன்.

பெரிய கோயில் பிராகாரத்தில் மத்தியானம் கருங்கல் பொசுக்குகிறது, பக்கத்தில் விரித்திருக்கும் தென்னைநார் விரிப்பு சுடவில்லை. இரண்டின் மேலும் அதே வெயில்தானே அடிக்கிறது?

மேலே சொன்னதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அங்கே கையிலிருந்து இரும்புக்கு, இங்கே கல்லிலிருந்து காலுக்கு. அக்கினி நட்சத்திர மத்தியானத்தில் கருங்கல் 50 டிகிரிக்கு மேலும் போகும். அதில் கால் வைத்த கணம் தொட்ட இடத்துச் சூடு மட்டுமல்லாமல் கல்லின் உள்ளே இருப்பதும் விரைந்து மேலே வந்து பாதத்தில் ஏறுகிறது. நார் விரிப்பும் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பாதி காற்று. பாதம் படும் சில நார்களில் இருக்கும் சூடு ஒரு நொடியில் தீர்ந்துவிடும், அடியிலிருந்து புதிதாக வர வழியில்லை.

சில கோயில்களில் நடைபாதைக்கு வெள்ளை வண்ணம் அடித்திருப்பார்கள். அது வேறு உத்தி. வெயிலைத் திருப்பி அனுப்பிக் கல் சூடாவதையே குறைக்கிறது. சிறு குழந்தைகளை உச்சி வெயிலில் வெறும் கல்லில் இறக்கி விடாதீர்கள், அவர்கள் தோல் மெல்லியது.

பித்தளை டபரா செட்டில் காபி அதிக நேரம் சூடாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

எவர்சில்வரைவிடப் பித்தளை ஏறத்தாழ 7 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். அப்படியானால் பித்தளையில் காபி சீக்கிரம் ஆற வேண்டும் என்று தோன்றும். நடப்பது வேறு. டம்ளர் சுவர் மிக மெல்லியது. எந்த உலோகமாக இருந்தாலும் வெப்பம் அதைக் கடந்துவிடும். தடை இருப்பது சுவருக்கு வெளியே உள்ள காற்றில். அதனால் ஒரே அளவுள்ள பித்தளை டம்ளரிலும் எவர்சில்வர் டம்ளரிலும் காபி ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் ஆறும். பித்தளையில் வித்தியாசம் தெரிவது விரலுக்கு. விளிம்புவரை சுடுவதால்தான் டபராவோடு சேர்த்துப் பிடிக்கிறோம்.

காபி தன் வெப்பத்தில் பெரும்பங்கை இழப்பது மேற்பரப்பில் ஆவியாகித்தான். ஆற்றும்போது ஒரு முழ உயரத்திலிருந்து இழையாக விழும் காபி, தன் பரப்பைப் பல மடங்கு விரிக்கிறது, டபராவில் நுரைத்து மறுபடி விரிகிறது. நான்கு ஆற்று ஆற்றினால் வாய் வைக்கும் பதத்துக்கு வந்துவிடும். சூடு நிற்க வேண்டுமா? உலோகத்தை மாற்ற வேண்டாம், டபராவைக் கவிழ்த்து மூடுங்கள்.

பாட்டியின் ஈயச்சொம்பில் ரசம் வைக்கும்போது உருகவில்லை. ஒருநாள் நான் காலியாக அடுப்பில் வைத்துவிட்டேன், அடி உருகி ஓடிவிட்டது. அதே அடுப்புதானே?

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். அடுப்புச் சுடர் அதைவிடப் பல மடங்கு சூடு. ஆனால் உள்ளே ரசம் இருக்கும்வரை, சொம்பின் அடிக்கு வரும் வெப்பத்தை அது அப்போதைக்கப்போது வாங்கிக்கொள்கிறது. ரசமோ 100 டிகிரியை ஒட்டிக் கொதித்து நிற்கும், அதற்கு மேல் ஏறாது. நடுவில் இருக்கும் மெல்லிய ஈயமும் ரசத்தின் வெப்பநிலைக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. ரசம் இல்லையென்றால் வெப்பம் போக இடமில்லை, ஈயம் தானே சூடேறி உருகுகிறது. காகிதக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிச் சுடரில் காட்டினால் காகிதம் எரியாததும் இதனால்தான். ரசத்தின் மட்டத்துக்கு மேலே சுடர் ஏறாமல் சிறு தீயில் வையுங்கள்.

இன்னொன்று, இது மிக முக்கியம். சமையலுக்கு ஆகும் ஈயம் வெள்ளீயம். காரீயம் நஞ்சு. புளி சேர்ந்த ரசத்தில் அது கரைந்து உடம்பில் சேரும், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். விலை மலிவு என்று தெரியாத இடத்தில் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் அந்தச் சொம்பை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

அரைகுறையாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் உடனே வற்றுகிறது. நன்றாகக் காய்ந்ததில் முத்து முத்தாக ஓடுகிறது, வற்ற நேரமாகிறது. தலைகீழாக அல்லவா இருக்கிறது?

நல்ல கவனிப்பு. கல் ஏறத்தாழ 200 டிகிரியைத் தாண்டினால், துளி விழுந்த கணமே அதன் அடிப்பகுதி நீராவியாகி, துளிக்கும் கல்லுக்கும் நடுவில் மெத்தைபோல் நின்றுவிடும். நீராவி வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். துளி அந்த மெத்தையில் மிதந்து ஓடுகிறது. லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756-இல் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

முத்து ஓடினால் கல் தோசைக்கு வேண்டியதைவிடக் காய்ந்துவிட்டது என்று பொருள். மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். தீயைக் குறைத்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, "சொய்" என்ற சத்தத்தோடு துளி வற்றும் நிலை வந்ததும் ஊற்றுங்கள்.

கொதிக்கும் தண்ணீரும் 100 டிகிரி, ஆவியும் 100 டிகிரி. இட்லிப் பானை ஆவி மட்டும் ஏன் இவ்வளவு கொடுமையாகச் சுடுகிறது?

தண்ணீர் ஆவியாகும்போது வெப்பநிலை ஏறாமலேயே பெரிய அளவு ஆற்றலை உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது. அதுதான் உள்ளுறை வெப்பம். தோலில் பட்டு மீண்டும் நீராகும்போது அத்தனையையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. 1 கிராம் கொதிநீர் உடம்புச் சூட்டுக்குத் தணியும்போது ஏறத்தாழ 260 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) கொடுக்கும். 1 கிராம் நீராவி 2,500 ஜூலுக்கு மேல் கொடுக்கும்.

என் இடது மணிக்கட்டில் இருக்கும் வெள்ளைத் தழும்பு அப்படி வந்தது. இட்லிப் பானை மூடியை என் பக்கமாகத் தூக்கினேன், அவ்வளவுதான். மூடியின் எதிர்ப்பக்க விளிம்பை முதலில் தூக்கி ஆவியை அந்தப் பக்கம் விடுங்கள். நெல் அவிக்கும் களத்தில் இருப்பவர்களும் அப்படியே. சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மண்பானையில் தண்ணீர் குளிர்வது எப்படி? மண்ணின் குணமா?

மண்ணைவிட அதில் இருக்கும் நுண்துளைகளின் வேலை. தண்ணீர் அதன் வழியே கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மேலே நீராவி இறக்கிய அதே சுமை, இங்கே ஏற்றப்படுகிறது. 10 லிட்டர் பானையில் 200 மில்லி ஆவியானால், அந்த வெப்பம் முழுவதும் தண்ணீரிலிருந்தே போவதாகக் கொண்டால் 11 டிகிரிக்கு மேல் குளிர வேண்டும். வெளியிலிருந்தும் கொஞ்சம் வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் குறைவாகக் குளிரும்.

ஆகவே பானையைக் காற்றோட்டமான நிழலில், ஈரமணல் மேல் வையுங்கள். அழகுக்காக வெளிப்புறம் வண்ணம் பூசினால் துளைகள் அடைபட்டுவிடும்.

போன வருடம் நன்றாகக் குளிர்ந்த பானை இந்த வருடம் குளிரவில்லை. நாகப்பட்டினத்தில் அக்கா வீட்டிலும் பானை சரியாகக் குளிர்வதில்லையாம். ஏன்?

இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு. உங்கள் பானையின் வெளிப்புறத்தை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. நம் ஆழ்குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு, தண்ணீர் ஆவியான இடத்திலேயே தங்கித் துளைகளை அடைத்துவிடுகிறது. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தால் சில வாரங்களுக்குப் பலன் இருக்கும். பிறகு புதுப்பானைதான்.

நாகையில் பானை மேல் குற்றமில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் மேலும் ஆவியாக இடம் குறைவு. 38 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரப்பரப்பு ஏறத்தாழ 24 டிகிரிவரை குளிரலாம். 33 டிகிரியில் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 29 டிகிரிக்குக் கீழே போகவே முடியாது. திருச்சிப் பக்கம் பானையைப் புகழ்கிறவரும் வேதாரண்யத்தில் குறை சொல்கிறவரும் இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

மின்விசிறி அறையைக் குளிர்விக்கிறதா?

இல்லை. ஆளைத்தான் குளிர்விக்கிறது. உடம்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் ஈரமான சூட்டுக் காற்றை விலக்கி வியர்வையை ஆவியாக்குகிறது. ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி, தன் மோட்டார் சூட்டை அறையில் சேர்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. காற்றே 40 டிகிரியைத் தாண்டும் நாளில் விசிறியை மட்டும் நம்பி முதியவர்களை விட்டுவிடாதீர்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுங்கள், தண்ணீர் குடிக்கக் கொடுங்கள்.

மத்தியானத்துக்கு மேல் நாகையில் காற்று மாறிவிடுகிறது. கடல் மேலும் வெயில் அடிக்கிறதே, அது ஏன் சூடாகவில்லை?

முதல் கேள்வியில் சொன்ன 9 மடங்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் சூடேற நிறைய ஆற்றல் வேண்டும். வெயில் கடலுக்குள் ஆழமாக இறங்கிப் பரவுகிறது, அலை அதைக் கலக்கிவிடுகிறது. மண்ணிலோ மேல்தோல் மட்டும் காய்கிறது. நண்பகலில் நிலத்தின் மேல் உள்ள காற்று சூடாகி எழ, அந்த இடத்துக்குக் கடலின் மேல் இருக்கும் காற்று நகர்ந்து வருகிறது. குத்துவிளக்கின் மேலே கண்ட சலனமேதான், அளவு மட்டும் பெரியது.

கூரை வீட்டில் இருந்தவரை இரவில் தூங்கினோம். காங்கிரீட் வீடு கட்டிய பிறகு இரவில்தான் புழுக்கம் அதிகம். வெயிலே இல்லாத நேரத்தில் ஏன்?

2018 நவம்பரில் கஜா புயல் கூரைகளைப் பறித்த பிறகு தகரத்துக்கும் தளத்துக்கும் மாறிய பலரிடம் இதைக் கேட்டுவிட்டேன். தளம் பகல் முழுக்க வெயிலைக் குடிக்கிறது. கனமான பொருள் என்பதால் அந்தச் சூடு மேலிருந்து அடிப்பக்கம் வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். மேல்தளம் ஆறத் தொடங்கும் மாலையில்தான் உட்கூரை உச்சச் சூட்டுக்கு வருகிறது. படுத்தபடி உட்கூரையை நோக்கி உள்ளங்கையைக் காட்டினால் அந்தக் கதகதப்பு தெரியும். விசிறியை எவ்வளவு வேகமாக வைத்தாலும் அந்தக் கதிர்வீச்சை அது தடுக்காது.

கீற்றும் வைக்கோலும் அடுக்கடுக்காகக் காற்றைப் பிடித்து வைத்திருப்பவை. வெயிலின் சூடு மேல் அடுக்கோடு நின்றுவிடும், சேர்த்து வைக்க அதில் கனமும் இல்லை. தகரம் இன்னொரு கோடி. பகலில் உடனே பொசுக்கும், பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். தளம் தவறான பொருள் என்று நான் சொல்லவில்லை, புயலைத் தாங்கும் வீடு நமக்கு வேண்டும். ஆனால் தளம் போட்டவர்கள் அதன்மேல் ஒரு நிழலோ வெள்ளையோ போடாமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

சரி, மொட்டை மாடியில் என்ன செய்யலாம்? சாயங்காலம் தண்ணீர் ஊற்றினால் போதுமா?

வெள்ளை அடிப்பது முதல் வேலை. சுண்ணாம்பானாலும் போதும், வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அதன்மேல் தட்டை ஓடு பதிப்பது நம் ஊர்க் கொத்தனார்களின் பழைய முறை. தளத்துக்கு மேல் ஒரு தடுப்பாக அது நிற்கிறது. மேலே கீற்றுப் பந்தல் போட முடிந்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் விடுவதென்றால் வெள்ளமாக ஊற்ற வேண்டாம். 1 லிட்டர் தண்ணீர் 20 டிகிரி சூடாகி ஓடிப்போனால் 84 கிலோஜூலை எடுத்துச் செல்லும். அதே 1 லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல். ஆகவே மெல்லியதாகத் தெளித்து, காய்ந்ததும் மறுபடி தெளியுங்கள். விரிசல் உள்ள தளத்தில் இதைச் செய்யாதீர்கள்.

கம்பளி சூடு தரும் என்கிறோம். அப்படியானால் ஐஸ் கட்டியைச் சாக்கிலும் மரத்தூளிலும் பொதிந்து வைத்தால் சீக்கிரம் உருக வேண்டுமே?

கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை, போக்குவரத்தை மெதுவாக்குகிறது. உள்ளே சூடான ஆள் இருந்தால் சூடு வெளியே போகாது, உள்ளே ஐஸ் இருந்தால் சூடு உள்ளே வராது. எப்படிப் பார்த்தாலும் வேலை செய்வது நூலுக்கும் தூளுக்கும் நடுவே சிறைப்பட்ட காற்றுதான். தென்னைநார் விரிப்பிலும் கீற்றுக் கூரையிலும் பார்த்தது அதையே. நனைந்துவிட்டால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆகவே மரத்தூள் சொதசொதவென்று ஆகாமல் உருகிய நீரை வடித்துவிடுங்கள்.

ஃபிளாஸ்க்கில் என்ன மந்திரம்?

1892-இல் ஜேம்ஸ் டூவர் என்ற ஸ்காட்லாந்து அறிவியலாளர் செய்தது. இரண்டு சுவர், நடுவே காற்று நீக்கிய வெற்றிடம். கடத்தவும் சலனத்துக்கும் பொருளே இல்லை. கதிர்வீச்சைத் திருப்ப உட்பக்கம் வெள்ளிப்பூச்சு. மீதி வழி மூடி ஒன்றுதான், அது தளர்ந்தால் மொத்தமும் வீண்.

ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அடுக்களை குளிருமா?

கூடுதலாகச் சூடாகும். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தையும், எடுப்பதற்குச் செலவான மின்சாரத்தையும் சேர்த்து அதே அறைக்குள்தான் அது கொட்டுகிறது. ஏ.சி. தன் வெப்பத்தைச் சுவருக்கு வெளியே கொட்டுவதால் அங்கே கணக்கு வேறு.

மழையில் நனைந்த நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். இரண்டே நாளில் உள்ளே சூடாகிவிட்டது. வெயிலே படவில்லையே?

நெல் உயிருள்ள பொருள், அது சுவாசிக்கிறது. ஈரம் கூடினால் சுவாசமும் கூடும், பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். இரண்டும் வெப்பத்தை வெளிவிடும். குவியலாக இருந்தால் நெல்லும் நடுவிலுள்ள காற்றும் கம்பளியாகி அந்த வெப்பத்தை உள்ளேயே வைத்துவிடுகின்றன. சூடு கூட, சுவாசம் இன்னும் கூடுகிறது.

ஒரு தை மாதம் கொள்முதல் நிலைய வாசலில், மூன்று நாளாகக் காத்திருந்த ஒரு குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். மேலே நெல் பனியில் சில்லென்றிருந்தது. ஒரு முழ ஆழத்தில் விரல்கள் வெந்நீரில் பட்டதுபோல் இருந்தது. எடுத்தபோது கையில் புளித்த வாடை. தார்ப்பாயின் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். உள்ளே எழும் ஈர ஆவி, இரவில் குளிர்ந்த தார்ப்பாயில் பட்டு நீராகி மேல் அடுக்கு நெல்லின் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. கொள்முதலுக்கு வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அந்த விவசாயியின் நெல் நின்ற இடத்திலேயே அந்த வரம்பைத் தாண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை.

மழை விட்ட நேரத்திலெல்லாம் தார்ப்பாயை விலக்குங்கள். குவியலைக் கலைத்து மெல்லியதாகப் பரப்பிக் கிளறிவிடுங்கள். பரப்ப இடமில்லையென்றால் ஒரு பெரிய குவியலைவிடப் பல சிறிய குவியல்கள் நல்லது.

வைக்கோல் போர் தானாகத் தீப்பிடிக்குமா? யாரோ வைத்தார்கள் என்று ஊரில் சண்டையே வந்துவிட்டது.

பிடிக்கும். சண்டைக்கு முன், வைக்கோலை எந்த ஈரத்தில் போராகப் போட்டார்கள் என்று கேளுங்கள். மேலே நெல்லுக்குச் சொன்னதே இங்கும் தொடக்கம். நுண்ணுயிர்கள் உள்ளே 60, 70 டிகிரிவரை சூடேற்றும். அதற்கு மேல் அவை செத்துவிடும். ஆனால் அந்தச் சூட்டில் வைக்கோல் காற்றோடு சேர்ந்து மெல்ல வேதிவினை புரியத் தொடங்கும், அதுவும் வெப்பம் தரும். வெளியேற வழியின்றிச் சில வாரங்களில் நடுவில் கருகி, காற்றுக் கிடைத்த இடத்தில் தீயாகிறது.

ஈர வாடையோடு எழும் வெள்ளை ஆவி எச்சரிக்கை. கருகல் வாடை வந்துவிட்டால் ஆபத்து. அப்போது போரின் மேல் ஏறாதீர்கள், உள்ளே வெந்து குழியாகியிருக்கலாம். அவசரப்பட்டுப் பிரிக்கவும் கூடாது, காற்றுப் புகுந்து குப்பென்று பற்றும். 101-க்கு அழைத்துத் தீயணைப்புத் துறையினர் தண்ணீரோடு வந்த பிறகு பிரியுங்கள்.

சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்தோம். உருக்கிய உலோகத்தை ஊற்றும் முன் மண் அச்சையும் ஏன் சூடாக்குகிறார்கள்?

அச்சைச் சூடாக்கினால்தான் உள்ளே இருக்கும் மெழுகு உருகி வெளியேறும், அது முதல் காரணம். காவிரி வண்டல் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் அப்போது போய்விடும். ஈரம் இருந்தால் ஏறத்தாழ 1,000 டிகிரி உலோகம் பட்டதும் நீராவியாகி வெடிக்கும். மூன்றாவது காரணம் எனக்கு மிகப் பிடித்தது. குளிர்ந்த அச்சில் ஊற்றினால் உலோகம் தன் வெப்பத்தைச் சுவருக்குக் கொடுத்து வழியிலேயே இறுகிவிடும். நடராசரின் விரல் நுனிக்கும் விரிசடைக்கும் போய்ச் சேராது. மெல்லிய உறுப்புகளுக்குக் கனம் குறைவு, பரப்பு அதிகம், ஆகவே அவைதான் முதலில் ஆறும். டபராவில் விரிந்த காபிக்கு நேர்ந்ததுதான் இது.

கை வெப்பநிலையை அளக்காது என்று சொல்லிவிட்டீர்கள். பிறகு ஏன் குழந்தைக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம்?

கை ஒப்பிட்டுச் சொல்லும். உங்கள் கையைவிட நெற்றி சூடாக இருந்தால் அது தெரியும். ஆனால் அப்போதுதான் பாத்திரம் கழுவிய ஈரக்கை என்றால் நல்ல உடம்பும் கொதிப்பதாகத் தோன்றும். உங்களுக்கே காய்ச்சல் என்றால் குழந்தையின் காய்ச்சல் தெரியாமல் போகலாம். தொட்டுப் பார்ப்பது வெப்பமானியைத் தேடி எடுப்பதற்கான காரணமாக இருக்கட்டும், மருந்து கொடுப்பதற்கான காரணமாக வேண்டாம்.

மார்கழிப் பனி வாசலில் நிற்கும் வண்டி சீட்டை நனைக்கிறது, பக்கத்தில் மரத்தடியில் நிற்கும் வண்டியை நனைப்பதில்லை. இலைகள் பனியைத் தாங்கிக்கொள்கின்றனவா?

பனி பெய்கிறது என்று சொன்னாலும் அது மேலிருந்து விழுவதில்லை. குளிர்ந்த பரப்பில் பட்ட காற்றின் ஈரம் அங்கேயே நீராகிறது, தார்ப்பாயின் அடியில் பார்த்ததுபோல. அப்படியானால் வாசலில் நிற்கும் சீட் மட்டும் ஏன் காற்றைவிடக் குளிர்ந்தது என்பதே கேள்வி. எல்லாப் பொருளும் இரவிலும் கதிர்வீச்சாக வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறது. மேகமில்லாத வானம் திருப்பித் தருவது மிகக் குறைவு, அதனால் சீட் காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். மரத்தடியில் இருப்பதற்கோ, ஏறத்தாழ அதே சூட்டில் இருக்கும் இலைகள் கொடுத்ததைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கின்றன. மேகம் மூடிய இரவில் பனி குறைவாக இருப்பதும் இதனால்தான்.

இன்றிரவு வானம் தெளிவாக இருந்தால் ஒரே மாதிரி இரண்டு தட்டுகளை எடுத்து, அடியில் வைக்கோல் பரப்பி, ஒன்றை முற்றத்திலும் ஒன்றைத் தாழ்வாரத்திலும் வையுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கோலம் போட எழும்போது இரண்டிலும் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள்.